ராட்னி ஹிகா செத்துக்கொண்டிருந்த மூன்று நாள்

ராட்னி ஹிகாவுக்கு ஹொனலூலூ நகரத்தை மேலிருந்து அவ்வளவாகத் தெரியாது, கீழிருந்துதான் தெரியும். முப்பத்தொரு வருஷம் தண்ணீர் வாரியத்தில் வேலை பார்த்து, குழாய் உடைந்த இடமெல்லாம் குழிக்குள் இறங்கியவர். எந்தத் தெருவுக்கு அடியில் எத்தனை அங்குலக் குழாய் போகிறது, எந்த வால்வைத் திருகினால் எந்த வீட்டுக்காரர் தலையில் சோப்பு நுரையோடு வெளியே வந்து கத்துவார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அப்பேர்ப்பட்ட மனிதர், லாஸ் வேகஸில் ஒரு பெரிய ஓட்டலின் கீழ்த்தளத்தில், லிஃப்ட் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் அரை மணி நேரமாகச் சுற்றிக்கொண்டிருந்தார்.

சூதாட்ட மெஷின்களுக்கு நடுவே போகிற பாதையெல்லாம் வளைந்து வளைந்து புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தது. ஜன்னல் கிடையாது, கடிகாரம் கிடையாது. சிவப்பு ஜாக்கெட் போட்ட ஓர் அம்மாள் சிகரெட்டும் கையுமாக ஒரு மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். ராட்னி அவளைக் கடந்து போவது இது மூன்றாவது தடவை.

"இன்னும் கிடைக்கலையா?" என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமலே.

"லிஃப்டைத்தான் தேடறேன்."

"நான் என் வீட்டுக்காரரைத் தேடி வந்தேன். காலையில. இப்ப உக்காந்துட்டேன், அவரே தேடிக்கிட்டு வரட்டும்."

ராட்னிக்கு அந்த நிம்மதி கிடைக்கவில்லை. இந்த ஓட்டலுக்கு ஏன் வந்தோம் என்பதே அவருக்கு இன்னும் புரிந்தபாடில்லை.

இருபத்தாறு வருஷமாக, வருஷத்துக்கு இரண்டு தடவை, ராட்னியும் அவர் மனைவி டார்லீனும் வேகஸுக்கு வருகிறார்கள். வந்தால் தங்குவது டவுன்டவுனில் அந்த ஒரே ஓட்டல். ஹவாய்க்காரன் வேறெங்கும் தங்க மாட்டான். அங்கே காலையிலேயே சோறு கிடைக்கும், மாட்டு வால் சூப் கிடைக்கும், பூப்போட்ட சட்டையும் ரப்பர் செருப்புமாக லிஃப்டில் ஏறினால் உள்ளே நிற்கிற நாலு பேரில் மூன்று பேர் தெரிந்தவர்களாக இருப்பார்கள். ஐந்தாறு மணி நேரம் கடலைத் தாண்டிப் பறந்து போய், பக்கத்துத் தெரு ஆளைப் பார்த்து "அடடே, நீயா!" என்று கட்டிப்பிடித்துக்கொள்வதற்குத்தான் எங்கள் ஊர்க்காரர்கள் வேகஸ் போவது. இதில் யாருக்கும் வெட்கமும் கிடையாது.

இந்தத் தடவை இளவரசர் கூஹியோ பிறந்தநாள் வெள்ளிக்கிழமையில் வந்தது. அமெரிக்காவில் வேறு எவனுக்கும் இல்லாத விடுமுறை, எங்கள் தீவுகளுக்கு மட்டும். திங்கட்கிழமை ஒருநாள் லீவு போட்டால் நாலு நாள். அதுவரை எல்லாம் வழக்கம்போலத்தான் இருந்தது. விமான நிலையத்தில் டாக்ஸியில் ஏறியதும் டார்லீன் வேறொரு ஓட்டல் பெயரைச் சொன்னாள்.

"தப்பா சொல்றே," என்றார் ராட்னி.

"சரியாத்தான் சொல்றேன். இந்தத் தடவை அங்கே."

"ஏன்?"

"சும்மாதான். ஒரு மாறுதலுக்கு."

வாசலில் பளிங்குத் தரை. ராட்னி ஊரிலிருந்து கொண்டுவந்த மக்கடேமியாக் கொட்டை சாக்லேட் பெட்டி ஒன்றை எடுத்து, அறைச் சாவி கொடுக்கிற பெண்ணிடம் நீட்டினார். டவுன்டவுனில் இதற்காகவே காத்திருப்பார்கள். இந்தப் பெண்ணோ பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதை யார்கிட்ட சேர்க்கணும் சார்?" என்று கேட்டாள். உனக்குத்தான் அம்மா என்று சொல்வதற்குள் ராட்னிக்கு வியர்த்துவிட்டது.

இதெல்லாம்கூடப் பெரிய விஷயமில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டில்தான் அவருக்குப் பயம் வந்தது.

டார்லீன் கலிஹி பகுதியில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறைக்குப் பொறுப்பாளர். தினமும் அறுநூறு பிள்ளைகளுக்கு அளந்து போடுகிறவள், வீட்டிலும் அளந்துதான் போடுவாள். ராட்னிக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, கால் பெருவிரலில் வாதம் வேறு. இரண்டு கரண்டி சோறு. மூன்றாவது கரண்டிக்குக் கை நீண்டால் "ராட்னி" என்று ஒரே ஒரு வார்த்தைதான் சொல்வாள். அந்தக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் அவர் தலையைச் சொறிந்துகொள்வார்.

அன்றைக்கு அந்த ஓட்டலின் விருந்துக்கூடத்தில், நண்டுக்கால் மலையாகக் குவிந்திருந்த மேசை முன்னால் நின்று, பழக்கதோஷத்தில் மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"எடுத்துக்கோ," என்றாள் டார்லீன்.

"இவ்வளவுமா?"

"வேணும்னா இன்னொரு தட்டு எடு."

"இந்த மாட்டிறைச்சியில உப்பு ஜாஸ்தி இருக்குமே?"

"இருக்கட்டுமே."

"கேக்கு?"

"உன் இஷ்டம்ப்பா."

முப்பத்தாறு வருஷக் குடித்தனத்தில் 'உன் இஷ்டம்' என்ற சொல்லை ராட்னி அவள் வாயால் கேட்டதே இல்லை. மூன்று தட்டு நிறைய எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். ஒரு பிடி பிடிக்க வேண்டியவர்தான். ஆனால் முதல் வாயிலேயே கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். அவர் அப்பா ஞாபகத்துக்கு வந்துவிட்டார்.

அவர் அப்பா சோயெய் ஹிகா அன்னாசிப்பழம் டப்பாவில் அடைக்கிற ஆலையில் வேலை பார்த்தவர். வயிற்று வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனார். டாக்டர் மூத்த மகனை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். நோயாளியிடம் சொல்லக்கூடாது என்று அம்மா முடிவு செய்தாள். அந்தக் காலத்தில், ஜப்பானிலிருந்து வந்த எங்கள் ஓக்கினாவாக் குடும்பங்களில் அதுதான் வழக்கம். வியாதியை வீட்டில் எல்லோரும் பங்கு போட்டுக்கொள்வார்கள், வியாதிக்காரனுக்கு மட்டும் பங்கு கிடையாது. அப்புறம் அப்பாவை நாலு நாள் வேகஸுக்குக் கூட்டிப் போனார்கள். 'சாப்பிடுங்கப்பா, இஷ்டப்பட்டதைச் சாப்பிடுங்க' என்றார்கள். அப்பா சிரித்துக்கொண்டே மூன்று தட்டு சாப்பிட்டார். ராட்னிக்கு அப்போது இருபத்துமூன்று வயது. எதிரில் உட்கார்ந்து, முகத்தைக் காட்டிக்கொடுக்காமல் வைத்திருப்பதற்குள் அவருக்கு உயிர் போய் உயிர் வந்தது. மூன்று மாதத்தில் அப்பா போய்ச் சேர்ந்தார்.

இப்போது எதிரில் டார்லீன் உட்கார்ந்து இவர் தட்டைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

போன செவ்வாய்க்கிழமைதான் ராட்னி ரத்தப் பரிசோதனைக்குப் போய்விட்டு வந்தார். புதன்கிழமை கிளினிக்கிலிருந்து போன் வந்தது. டார்லீன் எடுத்தாள், ஒரு நிமிஷம் கேட்டாள், போனைத் தூக்கிக்கொண்டு கார் கொட்டகைக்குப் போய்விட்டாள். ரொம்ப நேரம் தணிந்த குரலில் பேசினாள். திரும்பி வந்தபோது கண்ணெல்லாம் ஈரம். "என்னவாம்?" என்றதற்கு "ஒண்ணுமில்ல, அப்புறம் சொல்றேன்" என்றாள்.

அதற்கு மறுநாள்தான் விமானம். அடுத்த நாள் இந்த ஓட்டல், இந்த நண்டு, இந்த 'உன் இஷ்டம்'. கூட்டிக் கழித்துப் பார்க்க ராட்னிக்குப் படிப்பு தேவைப்படவில்லை.

அறைக்குப் போனதும் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு கிளினிக்குக்குப் போன் போட்டார். இளவரசர் கூஹியோ பிறந்தநாளை முன்னிட்டு விடுமுறை, திங்கட்கிழமை கூப்பிடவும் என்று ஒரு பெண்குரல் இனிமையாகச் சொன்னது. வாழ்க்கையில் முதல் தடவையாக ராட்னி இளவரசரைத் திட்டினார். பிறகு சட்டையைக் கழற்றிவிட்டு, சுவர் அகலத்துக்கு இருந்த கண்ணாடியில் தன்னைப் பார்த்தார். தொந்தியை இங்கே அமுக்கினார், அங்கே அமுக்கினார். எங்கேயும் வலிக்கவில்லை. வலித்திருந்தால்கூட ஒரு தெளிவு பிறந்திருக்கும். அப்பாவுக்கும் அந்த நாலு நாள் வலியே இல்லை என்பது ஞாபகம் வந்து, அவசரமாகச் சட்டையைப் போட்டுக்கொண்டார்.

கேட்டுவிடலாம்தான். வாயைத் திறந்து ஒரு கேள்வி. ஆனால் அவள் இவ்வளவு கஷ்டப்பட்டு மறைக்கிறாள். காட்டிக்கொடுக்காமல் சிரிப்பது எவ்வளவு பாடு என்பது அவருக்குத் தெரியும். அப்பா கடைசிவரை கேட்கவில்லை. நாமும் கேட்க வேண்டாம், நமக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாமல் நல்லபடியாகச் செத்துக் காட்டுவோம் என்று அந்தக் குளியலறையிலேயே தீர்மானம் செய்தார்.

நல்லபடியாகச் சாவது எப்படி என்று யாரும் சொல்லித்தரவில்லை. தோன்றியதைச் செய்தார். வெளியே கிளம்பும்போது டார்லீனின் கைப்பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார். கதவைத் திறந்து பிடித்தார். அவள் கால் வலிக்கிறது என்றபோது, நாலு எட்டு முன்னால் போய் நின்றுகொண்டு "என்ன, வர்றியா இல்லையா?" என்று கத்தாமல், கூடவே நின்றார். டார்லீன் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பாவம், நான் பலவீனமாகிவிட்டேனா என்று பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

சாயங்காலம் ஓட்டல் முன்னால் இருக்கிற குளத்தில் தண்ணீர் பீய்ச்சுவதைப் பார்க்க நின்றார்கள். இசைக்கு ஏற்ப அது எழும்பியும் சாய்ந்தும் ஆடியது. ராட்னி மனசுக்குள் குழாய் அளவையும் பம்ப்பின் அழுத்தத்தையும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார், சாகப்போகிறவனுக்கு இது எதற்கு என்ற நினைப்பு இடையில் வந்தும் நிறுத்த முடியவில்லை. பாலைவனக் காற்று சில்லென்று அடித்தது.

"குளிருதா?" என்று கேட்டு, தன் ஜாக்கெட்டைக் கழற்றி அவள் தோளில் போட்டார்.

திரும்பிப் பார்த்தால் டார்லீன் அழுதுகொண்டிருந்தாள். சத்தமில்லாமல், கன்னத்தில் வழிவதைத் துடைக்கக்கூடச் செய்யாமல். ராட்னிக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அவ்வளவு சீக்கிரமாகவா, மூன்று மாதம்கூட இல்லையா என்று நினைத்தார். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, எழும்பி விழுகிற தண்ணீரையே பார்த்தார்.

சனிக்கிழமை இன்னும் குழப்பம். டார்லீன் இரண்டு பேருக்கும் உடம்பு பிடித்துவிட முன்கூட்டியே ஏற்பாடு செய்திருந்தாள். ராட்னியைத் தனியறையில் படுக்க வைத்த பெண், கையில் ஒரு தாளோடு கேட்டாள்.

"உடம்புல ஏதாவது பிரச்சினை இருக்கா சார்?"

"அதை என் வீட்டுக்காரிகிட்டத்தான் கேக்கணும்மா. எனக்குச் சொல்ல மாட்டேங்கிறா."

அந்தப் பெண் திருதிருவென விழித்தாள். தாளில் எதையோ எழுதிவிட்டு, அப்புறம் ஒரு மணி நேரம் அவரைப் பிடித்துவிடவே இல்லை, தடவிக்கொடுத்தாள். பார்க்கிறவளுக்கே தெரிகிறது போலிருக்கிறது என்று ராட்னி குப்புறப் படுத்தபடியே கண்கலங்கினார்.

பிறகு கடைகள். ஒரு கைப்பைக் கடை வாசலில் டார்லீன் நின்றாள். உள்ளே போய்ப் பச்சை நிறத்தில் ஒன்றைக் கையில் எடுத்தாள். விலைச்சீட்டைப் பார்த்துவிட்டு வைக்கப்போனாள்.

"வாங்கிக்கோ," என்றார் ராட்னி.

"விலையைப் பார்த்தியா நீ?"

"என்ன இப்ப? வாங்கிக்கோ. இதையெல்லாம் கட்டிக்கிட்டா போகப் போறோம்?"

டார்லீன் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டாள். பையை வைத்துவிட்டு, கடையைவிட்டு வெளியே போனாள். உளறிவிட்டோமே, தெரிந்துபோச்சு என்று காட்டிவிட்டோமே என்று ராட்னி தன்னையே நொந்துகொண்டு பின்னால் ஓடினார். அன்று முழுக்க இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். அப்படி ஒரு சிரிப்பை எங்கள் ஊரில் சாவு வீட்டு வாசலில்தான் பார்க்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரால் தாங்க முடியவில்லை. டார்லீன் கண்ணை மூடிப் படுத்திருந்தபோதே எழுந்து பஸ் பிடித்து டவுன்டவுன் போனார். பழைய ஓட்டலின் காபிக் கடையில் டார்லீனுடைய சித்தி மகள் லொரெய்ன் வேலை பார்க்கிறாள். ஹொனலூலூவில் வாடகை கட்டி மாளாமல் பதினைந்து வருஷத்துக்கு முன்னால் குடும்பத்தோடு இங்கே குடிவந்தவள். அக்கா தங்கை இரண்டு பேருக்கும் நடுவில் ரகசியமே கிடையாது.

"வாங்க பெரிய மனுஷா! பளிங்கு ஓட்டல்ல காபி கிடைக்கலையாக்கும்?" என்று கத்தினாள் லொரெய்ன். "டார்லீன் எங்கே?"

"தூங்கறா. லொரெய்ன், உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். டார்லீன் என்கிட்ட எதையோ மறைக்கிறா. உனக்குத் தெரியுமா?"

காபி ஊற்றிக்கொண்டிருந்த கை நின்றது.

"அவ சொல்லிட்டாளா?"

"இல்ல. நானாத்தான் கண்டுபிடிச்சேன்."

"அப்படின்னா அவகிட்டயே பேசு. என் வாயைக் கிளறாதே. ஜனவரியில போன் பண்ணி ஒரு மணி நேரம் அழுதா. அவ்வளவுதான் நான் சொல்லுவேன்."

"ஜனவரியிலயா?" ராட்னி விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். ரத்தம் கொடுத்தது போன வாரம். அப்படியானால் டிசம்பர் பரிசோதனையிலேயே தெரிந்துவிட்டதா? மூன்று மாதமாகவா மனசில் வைத்துக்கொண்டிருக்கிறாள்?

"நீ அவமேல கோபப்படக் கூடாது ராட்னி. அவ பாவம்."

"கோபமா? எனக்கென்ன கோபம்," என்றார் ராட்னி. காபியைக் குடிக்காமலே எழுந்தார். லொரெய்ன் அவரை இழுத்து நெஞ்சோடு அணைத்து முதுகில் தட்டினாள். எப்போதும் தலையில் குட்டி அனுப்புகிறவள். வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றபோது, எந்தப் பக்கம் போகிற பஸ்ஸில் வந்தோம் என்பதே மறந்துபோயிருந்தது.

மத்தியானம் நீச்சல் குளத்தை ஒட்டிய உணவகத்தில் உட்கார்ந்தார்கள். டார்லீன் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, சுட்ட மீனை நிதானமாக, முள் எடுத்து எடுத்துச் சாப்பிட்டாள். ராட்னி தண்ணீர் மட்டும் வாங்கினார். அப்பா மாதிரி வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும் என்று இருந்தவருக்கு ஒன்று உறைத்தது. அப்பா வாயை மூடிக்கொண்டு போனதில் நாற்பது வருஷமாக இவர் நெஞ்சில் ஒரு முள். அப்பாவுக்குத் தெரியுமா, தெரியாதா? தெரிந்தேதான் சிரித்தாரா? டார்லீனுக்கு அந்த முள் வேண்டாம்.

"டார்லீன், என் தூண்டில் கம்பெல்லாம் ட்வைட்டுக்குக் கொடுத்துடு."

"எந்த ட்வைட்?"

"என் தம்பி ட்வைட். வேற எந்த ட்வைட்?"

"அவனுக்கு மீன் பிடிக்கவே தெரியாதே."

"கத்துக்கட்டும். டிரக்கை வித்துடு. பிரேக்கை மாத்திட்டு வில்லு, நல்ல விலை வரும். சமையலறைக் குழாய் வாஷரை நான் போய் மாத்தி வச்சிடறேன்." ராட்னி தண்ணீர்க் குவளையை நகர்த்தி வைத்தார். "அப்புறம், நீ தனியா கிடக்க வேண்டாம். நல்ல ஆளா ஒருத்தன் வந்தா சரின்னு சொல்லு. எங்க ஆபீஸ் ஹார்வி மட்டும் வேண்டாம்."

டார்லீன் முள்கரண்டியை வைத்தாள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். அவள் முகம் வெளுத்திருந்தது.

"யாரு அவ?"

"எவ?"

"என்னை விட்டுட்டுப் போறியே, எவகூட? சொல்லு. நேத்துலேர்ந்தே எனக்குத் தெரியும். காலையில எழுந்து எங்கே போனே?"

ராட்னிக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது.

"எவகூடவும் இல்ல டார்லீன். நான் சாகப்போறேன். எனக்குத் தெரியும். இனிமே நீ நடிக்க வேண்டாம்."

"சாகப்போறியா? யார் சொன்னா?"

"நீதான்."

"நானா!"

"வாயால சொல்லல. கிளினிக்குலேர்ந்து போன் வந்துதே, கொட்டகையில போய் அழுதியே? இஷ்டத்துக்குச் சாப்பிடுன்னியே? எங்கப்பாவையும் இப்படித்தான் கூட்டிட்டு வந்தோம். உனக்குத்தான் அந்தக் கதை தெரியுமே."

டார்லீன் அவரை வெறித்துப் பார்த்தாள். பிறகு அவள் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாள் என்று கையைப் பிடிக்கப்போனார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அட மடையா! ரத்தம் கொடுக்கப் போனியே, வெறும் வயித்தோட போகச் சொன்னாங்களா இல்லையா? நீ என்ன பண்ணினே?"

"வெறும் வயித்தோடதான் போனேன்."

"சட்டையில சர்க்கரையோட போயிருக்கே! கார் நிறுத்தத்துல உக்காந்து எண்ணெய்ல பொரிச்ச மலசாடா பன் தின்னுருக்கே, ரெண்டு. நர்ஸு ஜன்னல் வழியாப் பார்த்திருக்கா. திரும்ப வரச் சொல்லுங்கன்னு போன் பண்ணினா. உன் எதிர்ல எப்படிப் பேசறது? கொட்டகைக்குப் போய் அவளும் நானும் கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிச்சோம். உன்கிட்ட சொன்னா, தின்னவே இல்லன்னு விமானம் பூரா சாதிப்பே. ஊருக்குத் திரும்பினப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

ராட்னி தண்ணீரை எடுத்து மடமடவென்று குடித்தார்.

"அப்ப நான் சாகலையா?"

"இந்த வருஷம் இல்ல."

"அப்ப ஏன் சாப்பிடு சாப்பிடுன்னே?"

"நான் லீவுல வந்திருக்கேன் ராட்னி. உன் தட்டைப் பார்த்துக்கறதும் எனக்கு வேலைதான். நாலு நாள் அந்த வேலையைச் செய்ய வேண்டாம்னு நினைச்சேன்."

"அப்ப இந்த ஓட்டலு?"

"எனக்கு ஆசையா இருந்துது."

"அது சரி, ஆனா ஏன்?"

டார்லீனின் சிரிப்பு நின்றது.

"ஏன்னா? இருபத்தாறு வருஷமா வருஷத்துக்கு ரெண்டு தடவை, நீ உன் மெஷின் முன்னால உக்காருவே, உன் சினேகிதனுங்களோட சூப் குடிப்பே. நான் சிகரெட் வாடை அடிக்கிற அந்த ரூம்ல உக்காந்து டிவி பார்ப்பேன். எனக்கு அந்த ஓட்டல் புடிக்கல ராட்னி. என்னிக்குமே புடிச்சதில்ல. ஜனவரியில நீ மார்ச்சுக்கு டிக்கெட் போட்டுட்டேன்னு வந்து சொன்னப்போ, லொரெய்னுக்குப் போன் பண்ணி அழுதேன். அப்புறம்தான் என் கைக்காசைப் போட்டு இதைப் பிடிச்சேன். நான் ஒரு நல்ல மெத்தையில படுக்கணும்னா யாராவது சாகணுமா என்ன?"

இருபத்தாறு வருஷமாக இரண்டு பேருமாகச் சேர்ந்து உல்லாசமாக இருந்தோம் என்று நினைத்துக்கொண்டிருந்த ஒரு மனிதருக்கு, அதில் தான் மட்டும்தான் இருந்தோம் என்று தெரிந்தால் எப்படி இருக்கும்? சாகப்போகிறோம் என்பதைவிட இது அவருக்குப் புரிய அதிக நேரம் பிடித்தது.

"சொல்லியிருக்கலாமே," என்றார் மெதுவாக.

"நீ கேட்டிருக்கலாமே."

"சரி, தண்ணி ஆடறதைப் பார்க்கிறப்போ ஏன் அழுதே?"

டார்லீன் மீனைக் கிளறினாள்.

"குளிருதான்னு கேட்டியே. ஜாக்கெட்டைக் கழட்டிப் போட்டியே. முப்பத்தாறு வருஷத்துல நீ என்னைக் குளிருதான்னு கேட்டதில்ல. அன்னிக்கு சந்தோஷமா இருந்துது. மறுநாள், அவ்வளவு விலைப் பையை வாங்கிக்கோன்னே. அப்பத்தான் பயம் வந்துது. ஆம்பளை ஒருத்தன் திடீர்னு இவ்வளவு நல்லவனா மாறினா, ஒண்ணு வேற எவளாவது இருக்கணும், இல்ல எதையாவது மறைக்கணும். ராத்திரி பூரா தூங்கல நான். உன் போனைக்கூட எடுத்துப் பார்த்தேன். கிளினிக் நம்பரும் ட்வைட் நம்பரும்தான் இருந்துது."

யாரோ ஒரு தடித்த ஆள் தண்ணீரில் குதித்தான், கரையில் இருந்தவர்கள் அலறினார்கள். ராட்னிக்கு அப்போதுதான் உண்மையாக உறைத்தது. சாகவில்லை! வெயில் முதுகில் இதமாக விழுந்தது. வயிறு கபகபவென்று பசித்தது. மூன்று நாளாகச் சாப்பிட்டது எதுவும் உடம்பில் ஒட்டவில்லை. கையைத் தூக்கிப் பரிமாறுகிறவனைக் கூப்பிட்டு, எலும்போடு சேர்த்துச் சுட்ட மாட்டிறைச்சி கொண்டுவரச் சொன்னார். டார்லீன் தோளிலிருந்து துண்டு நழுவிக் கீழே விழுந்தது. அவர் அதைப் பார்த்தார், பார்த்துவிட்டுப் பேசிக்கொண்டே போனார்.

"நாளைக்கு விமானம் மத்தியானம்தானே? காலையில சீக்கிரம் எழுந்தா டவுன்டவுன் போயிடலாம். ஒரு சூப்பு குடிச்சிட்டு, அப்படியே என் மெஷின்ல ஒரு கை பார்த்துட்டு, லொரெய்னையும் பார்த்துட்டு வந்துடலாம். என்ன சொல்றே?"

டார்லீன் குனிந்து துண்டைத் தானே எடுத்துப் போர்த்திக்கொண்டாள். மறுபடி கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.

"ராட்னி."

"என்ன?"

"ஊருக்குப் போனதும் நீ கொஞ்சம் செத்துக்கிட்டே இரேன்."

ராட்னி சிரிக்கப்போனார். அவள் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். கண்ணாடிக்குப் பின்னால் கண் எப்படி இருக்கிறது என்று தெரியவில்லை.

"எத்தனை நாளைக்கு?" என்று கேட்டார்.

"நிஜமா சாகிற வரைக்கும்," என்றாள் டார்லீன்.